உளுந்துக் குழிகள்

என் வேலை குறை சொல்வது. கோவில்பட்டியில் நாங்கள் நடத்தும் த்ரீடி பிரிண்டிங் கடைக்கு எந்த வரைபடம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். அச்சிட்டால் நிற்குமா, உடையுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பத்தில் எட்டைத் திருப்பி அனுப்புவேன். வெயிலுகந்தம்மாள் என்ற பெயரை மறந்து எல்லோரும் என்னை 'ஆகாது மேடம்' என்றே சொல்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள் காலை, கயத்தாறு பக்கத்திலிருந்து முத்துத்தாயக்கா வந்தார். சொந்த டிராக்டரில் தானே விதைப்பவர். விதைப்புக் கருவியில் விதையை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போடும் உருளை உடைந்துவிட்டது. புதியது வரப் பத்து நாள் ஆகுமாம். கரிசல் அதுவரை காத்திருக்காது. டிராக்டர் இறங்கும் பதம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் ஈரம் போய்விடும். அதற்குள் விதைக்காவிட்டால் ஆறு ஏக்கர் உளுந்தும் இந்த வருஷம் கிடையாது. கோயம்புத்தூரிலிருக்கும் அவருடைய தம்பி யோகராஜ் உருளையை வரைந்து போனில் அனுப்பியிருந்தான்.

பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. சுவர் காகிதம் போல இருந்தது. ஒரு விளிம்பு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கிக் கீழிருந்து அடுக்கடுக்காகப் போடும். அடியில் தாங்க ஒன்றுமில்லாவிட்டால் எதன்மேல் போடுவது? போனில் இதைச் சொன்னதும் யோகராஜ் கோபப்பட்டான். நானும் விடவில்லை. கடைசியில் சுவரைத் தடிமனாக்கி, விளிம்பைச் சரிவாக்கிக் கொடுத்தான். விதை உட்காரும் நாற்பது குழிகளையும் உளுந்தின் அளவுக்கே வரைந்திருந்தான். அச்சில் குழி எப்போதும் கொஞ்சம் சுருங்கித்தான் வரும். அதனால் அதை மட்டும் நானே அகலப்படுத்தினேன்.

சாயங்காலம் உருளை தயார். அக்கா கொண்டுவந்திருந்த உளுந்தைப் போட்டுக் கடையிலேயே சுற்றிப் பார்த்தோம். ஒன்று ஒன்றாக விழுந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, ஒங்க உருளை அடச்சிக்கிட்டு. விதை விழ மாட்டேங்கு."

தப்பாக மாட்டியிருப்பார்கள் என்று திட்டிக்கொண்டே கருவிப் பையோடு ஸ்கூட்டரில் போனேன். மாட்டியதில் தப்பில்லை. விதையைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. நுண்ணுயிர் உரத்தைச் சோற்றுக்கஞ்சியில் கரைத்து, உளுந்தோடு பிசறி, நிழலில் உலர்த்தி வைத்திருந்தார் அக்கா. ஒவ்வொரு விதையும் சட்டை போட்டதுபோலப் பருத்திருந்தது. நான் அளந்ததோ வெறும் உளுந்தை.

"கஞ்சி போடுவீங்கன்னு சொல்லலியே அக்கா."

"கஞ்சி போடாம யாரு விதைப்பா? நீங்களும் கேக்கலியே."

கேட்கவில்லைதான். யோகராஜிடம் அத்தனை கேள்வி கேட்ட நான் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

புதிதாக அச்சிட இன்னொரு பகல் முழுக்க வேண்டும். அக்கா மண்ணை அள்ளி உருட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும் என்றார். அச்சிட்டதை அரத்தால் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். இப்போது உடைமர நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வட்ட அரத்தால் குழிகளை ராவினேன். நான் இருபது, அக்கா இருபது. ஒவ்வொரு குழியிலும் கஞ்சி போட்ட விதையைப் போட்டுக் கவிழ்த்துப் பார்த்தோம். சுவர் தாங்கியது. பத்தரை மணிக்கு டிராக்டர் வயலில் இறங்கியது. விதை விழுகிறதா என்று பின்னாலேயே நடந்தேன். செருப்பில் அப்பிய கரிசல் அரைக் கிலோ இருக்கும். பொழுது சாய்வதற்குள் ஆறு ஏக்கரும் முடிந்தது.

ஆறாம் நாள் அக்கா கூப்பிட்டார். "மொளச்சிட்டு. வந்து பாருங்க."

ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடினேன். கறுப்பு மண்ணில் பச்சைப் பசேலென்று வரிசை வரிசையாக நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் குனிந்து அளந்தேன். முதல் மூன்று வரிசையிலும் இடைவெளி ஒரே சீராக இருந்தது. நான்காவதில் ஒரு முழத்துக்குச் செடியே இல்லை. எந்தக் குழியை ராவாமல் விட்டோம் என்று பதறி நிமிர்ந்தேன்.

"அது மயிலு கிண்டுனது தங்கச்சி," என்றார் அக்கா. "அதுக்கும் நீங்கதான் பொறுப்பா?"