ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்

எங்கள் நாட்டில் ஒரு குழந்தை கோயிலில் முதன்முதலாக நற்கருணை பெற்று, அதாவது புதுநன்மை வாங்கினால், அதன் ஞானத்தந்தை சைக்கிள் வாங்கித் தர வேண்டும். திருச்சபைச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பங்குச்சாமியாரிடமே கேட்டுப் பார்த்தேன். "சட்டத்துல இல்லதான். ஆனா வாங்கிக் குடுத்துரு லெஷெக்" என்றார். பூசைக்கு வராதவனை ஆண்டவர் மன்னித்துவிடுவார். சைக்கிள் இல்லாமல் வந்தவனை எங்கள் வீட்டு அத்தைமார்கள் சாகிறவரை சொல்லிக் காட்டுவார்கள்.

யகோதா என் அக்கா இவோனாவின் மகள். ஒன்பது வயது. அவளுக்குத் தாய்மாமனும் நான்தான், ஞானத்தந்தையும் நான்தான். பெயருக்குத்தான். நான் லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் இருபது நாள் ஸ்பெயின், பிரான்ஸ் என்று சாலையில் கிடப்பேன். யகோதாவின் ஞானஸ்நானத்தன்றுகூட ஜெர்மனியில் பனியில் மாட்டிக்கொண்டு, கேக் வெட்டுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். "இந்தப் பெற்றோருக்குத் துணை நிற்கத் தயாரா?" என்று சாமியார் கேட்டபோது, என் இடத்தில் நின்று "தயார்" என்று சொன்னவன் என் மச்சான் விதோல்டின் தம்பி.

விதோல்ட் அதை ஒன்பது வருடமாக விடவில்லை. பிறந்தநாள், கிறிஸ்துமஸ் எதுவானாலும் சூப் குடித்து முடித்ததும் ஆரம்பிப்பார். "நம்ம லெஷெக் தயார்னு சொல்றதுக்குக்கூட ஆள் வச்சவன்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும். அதனால் இந்த ஒரு சைக்கிளிலாவது யாரும் வாய் திறக்க முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

சூப்பர்மார்க்கெட்டில் தொங்குகிற சைக்கிள் வேண்டாம், நல்லதாக வாங்குவோம் என்று ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஹலீனாவின் கடைக்குப் போனேன். எங்கள் ஊர் சியெராட்ஸில் அந்த அம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆறடி உயரம், கையெல்லாம் கிரீஸ், யாரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிற வழக்கமில்லை. ஒரு பச்சை சைக்கிளை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு விரலில் தூக்க முடிந்தது.

"கனமான வண்டியக் குடுத்தா பிள்ள ஓட்டாது, தள்ளிக்கிட்டுத்தான் போகும்" என்றார். "பிரேக்கப் பாருங்க. சின்ன விரலுக்கு எட்டுது. சரி, பிள்ள என்ன உயரம்?"

நான் கையை இடுப்புப் பட்டைக்கு நேராக வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் உயர்த்தினேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

"தம்பி, நீங்க கைய எடுக்கிறதுக்குள்ள அதுக்குக் கல்யாணமே ஆயிரும்போல. கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"கிறிஸ்துமஸுக்கு."

"நின்னுக்கிட்டு இருந்துச்சா?"

"மேசைக்கடியில இருந்தா. நாய் கூட."

ஹலீனா சைக்கிளை என் கையிலிருந்து வாங்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். "இருபத்தாறு வருஷமா இந்த மே மாசத்து ஞானத்தகப்பனுங்களப் பாத்துக்கிட்டிருக்கேன். வளர்ற பிள்ள, வளர்ற பிள்ளன்னு ஆளாளுக்குக் கூட்டிக் கூட்டிச் சொல்லுவீங்க. அப்புறம் அது சீட்டுல ஏறினா கால் காத்துல ஆடும். உயரம் வேண்டாம். செருப்பில்லாம சுவத்தோட நிக்க வச்சு, காலுக்கு நடுவுல ஒரு புஸ்தகத்த மேல வரைக்கும் ஏத்துங்க. தரையிலேருந்து புஸ்தகம் எவ்வளவு? அத மட்டும் கொண்டுவாங்க. அது இல்லாம நான் வண்டி தரமாட்டேன்."

இது ரகசியப் பரிசு. பிள்ளையை எப்படி அளப்பது? அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இருபத்தாறு இன்ச் வீலா வாங்கிருடா" என்றாள் இவோனா. "அளவா? அளவெல்லாம் எதுக்கு? வளர்ற பிள்ள."

அக்காவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பெற்றவர்கள் எல்லோருமே இப்படித்தான். யகோதாவின் ஷூவுக்குள் முன்பக்கம் எப்போதும் பஞ்சு இருக்கும். அவள் குளிர்கோட்டுக்குள் அவளுடைய கையைத் தேட வேண்டும். போன வருடம் அவள் பெரியப்பா மகனின் பழைய சைக்கிளை அவளுக்குக் கொடுத்தார்கள் என்றும், அவள் அதை இரண்டு நாளில் கொட்டகையில் போட்டுவிட்டாள் என்றும் அக்காவே சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லையாம்.

மறுநாள் ஞாயிறு. கையில் மீட்டர் டேப்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளும் மச்சானும் சமையலறையில் விருந்தாளிப் பட்டியல் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் யகோதாவின் அறைக்குள் நுழைந்து, லாரிக்காரர்கள் சங்கத்தில் சுகாதார ஆய்வு நடக்கிறது, குழந்தைகளின் கால் நீளம் வேண்டுமாம் என்று நானே நம்பாத ஒரு கதையை விட்டேன்.

யகோதா ஷூவைக் கழற்றினாள். சுவரோடு ஒட்டி நின்றாள். மறைக்கல்விப் புத்தகத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"இத வச்சு அளங்க மாமா. இதோட அட்டைதான் கெட்டி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கிளாஸ்ல மத்த பதினெட்டு பேரையும் அளந்துட்டாங்க. அந்தோஷ்கிட்ட அவங்க சித்தப்பா பேன்ட் தைக்கிறதுக்குன்னு சொன்னாராம்." புத்தகம் ஏறும்போது நெளிந்துகொண்டே சொன்னாள். "உங்களத்தான் காணோம்னு நெனச்சேன்."

டேப்பைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

"கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கட்டுமா? வளருவேல்ல?"

"வேண்டாம்." இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் சைக்கிள்ல எனக்குக் கால் எட்டல மாமா. நிறுத்தத் தெரியாம நெருஞ்சி மேல விழுந்தேன். அம்மாகிட்ட சொல்லல. எனக்குக் கால் தரையில படணும். அது போதும்."

நான் ஐம்பத்தெட்டு என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இன்னொரு முறை அளந்து பார்த்தேன். ஐம்பத்தெட்டேதான்.

அன்று மாலையே லாரியை எடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் வழியிலிருந்து ஹலீனாவுக்குப் போன் போட்டேன்.

"ஐம்பத்தெட்டு, ஹலீனாம்மா."

"ஐம்பத்தெட்டா?" அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, சரி. நான் பாத்துக்கிறேன். காகிதம் சுத்தி உங்க அக்கா வீட்டுலயே இறக்கிடறேன்."

அந்தப் பெருமூச்சை நான் கவனித்திருக்க வேண்டும்.

மே மாதம் புதுநன்மை நாளில் பூசைக்கு அரை மணி முன்னாலேயே கோயில் வாசலில் நின்றேன். கோட்டும் டையும் போட்டிருந்தேன். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளை அங்கியும் தலையில் பூவளையமுமாக யகோதா வரிசையில் போனாள். அங்கியின் விளிம்பில் ஒரு ஜாண் மடித்துத் தைத்திருந்தது. வளர்கிற பிள்ளை.

பூசை முடிந்து வீட்டுத் தோட்டத்தில் முப்பது பேர். கோழி சூப் முடிந்ததும் காகிதம் சுற்றிய சைக்கிளை மச்சான் புல்வெளிக்கு உருட்டி வந்தார். உருட்டும்போதே அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. யகோதா காகிதத்தைக் கிழித்தாள். பச்சை நிறம், பொன்வண்டு போட்ட பெல், எல்லாம் பளபளவென்று இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். இரண்டு முழங்காலும் ஹேண்டில்பாரில் இடித்தன.

விதோல்ட் குனிந்து அந்த முழங்கால்களைப் பார்த்தார்.

"ஏம்ப்பா லெஷெக், ஞானஸ்நானத்துக்கு வாங்கினத இப்பக் கொண்டு வந்திருக்கியா?"

தோட்டமே சிரித்தது. வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. அத்தனை பேர் நடுவில், சரியான நேரத்துக்கு வந்த அன்றும் நான் அதே லெஷெக்தான்.

"மாமா சரியாத்தான் அளந்தாரு" என்றாள் யகோதா. "ஐம்பத்தெட்டு. ரெண்டு தடவ அளந்தாரு."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் இவோனா.

"எல்லாருக்கும் தெரியும்மா." சைக்கிளைவிட்டு இறங்கி என் கையைப் பிடித்தாள். "வாங்க மாமா, கடைக்குப் போலாம்."

"ஞாயித்துக்கிழமை எவன் கடையத் தொறப்பான்?" என்றார் மச்சான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் கடைகளை அடைக்க வேண்டும். ஆனால் முதலாளி தானே நின்று விற்றால் தடையில்லை. புதுநன்மை ஞாயிறு முழுவதும் ஹலீனா தானே நிற்பார். அது ஏன் என்று கடை வாசலுக்குப் போனதும் தெரிந்தது. அங்கே ஒரு வரிசை. கோட்டுப் போட்டு வியர்த்துக்கொண்டு நான்கு ஞானத்தந்தைகள், வெள்ளை அங்கியில் நான்கு பிள்ளைகள், நான்கு ராட்சத சைக்கிள்கள். ஹலீனா ஸ்பேனரோடு சீட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன, சின்னதா இருக்கு?"

"நான் ஐம்பத்தெட்டுன்னு சொன்னேன்ல ஹலீனாம்மா."

"சொன்னீங்க. நான் எட்டு கழிச்சேன்."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் எட்டு கழிப்பேன். இருபத்தாறு வருஷத்துல ஒருத்தன்கூட என்கிட்ட உண்மையச் சொன்னதில்ல. நீங்க சொல்லுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு முன்னால் நின்ற நீலக் கோட்டுக்காரர் திரும்பினார். "இந்தம்மா எட்டு கழிக்குதுன்னு ஊருக்கே தெரியுமே. அதான் நான் பதினாறு கூட்டிச் சொன்னேன்."

அவர் பக்கத்தில் டிமெக் என்ற பையன் ஒரு இருபத்துநாலு இன்ச் சைக்கிளின் மேல் உட்கார்ந்திருந்தான். கால்கள் தரைக்கு வெகு மேலே ஆடின. ஹலீனா அவனை இறக்கிச் சுவரோடு நிற்க வைத்து, விலைப் பட்டியல் புத்தகத்தால் அளந்தார். ஐம்பது.

"ஐம்பதோட பதினாறு, அறுபத்தாறு. எட்டு போனா ஐம்பத்தெட்டு." அவர் டிமெக்கின் சைக்கிளைப் பார்த்தார். யகோதாவைப் பார்த்தார். பிறகு எங்கள் சைக்கிளைப் பார்த்தார். "ஐம்பத்தெட்டுக்குன்னு கட்டினது அங்க நிக்குது, ஐம்பதுக்குன்னு கட்டினது இங்க நிக்குது. ரெண்டையும் மாத்திக்கோங்க."

நீலக் கோட்டுக்காரர் லேசில் மசியவில்லை. வளர்கிற பிள்ளை என்று ஆரம்பித்தார். அதற்குள் டிமெக் சின்ன சைக்கிளில் ஏறிக் கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டான். அவனுக்குப் பொன்வண்டு பெல்லும் வேண்டுமாம். யகோதா யோசித்துவிட்டு, "வச்சுக்கோ" என்றாள். விலை வித்தியாசத்தை ஹலீனா திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

யகோதா பெரிய சைக்கிளில் ஏறினாள். ஹலீனா சீட்டை ஒரு விரல் அளவு இறக்கி முடுக்கினார். யகோதா காலை நீட்டினாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அவள் குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஏதோ அதிசயம் நடப்பதைப் போல.

ஹலீனா கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. இனிமே உங்களுக்கு மட்டும் கழிக்க மாட்டேன்." அந்த அம்மாவின் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

வீட்டுக்குத் திரும்பியபோது கேக் இன்னும் வெட்டவில்லை. எங்களுக்காகக் காத்திருந்தார்கள். இவோனா புது சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பெரிசா வாங்கியிருக்கலாம்."

"இது மட்டும் சரியான அளவுன்னு என்ன நிச்சயம்?" என்றார் மச்சான்.

"ஐம்பத்தெட்டு, மச்சான். உங்க மக காலு. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வாயைத் திறந்தார். மகளின் காலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு உருளைக்கிழங்கை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

யகோதா அங்கியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வண்டியை உருட்டினாள். ஏறி, ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். முப்பது பேர் இருந்தார்கள். அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

"மாமா, கூட ஓடி வரணும். தயாரா?"

விதோல்டின் தம்பியும் அங்கேதான் இருந்தான். இந்த முறை அவன் வாயைத் திறக்கவில்லை.

"தயார்" என்று நானே சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றி மச்சான் கையில் கொடுத்தேன்.