நாக்குக்கு அடியில் ஏழு நிமிடம்

அந்த மருந்தை விழுங்கக் கூடாது. நர்ஸ் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் கொட்டுவார். ஏழு நிமிடம் வாயை இறுக மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசினால் எச்சிலோடு தொண்டைக்குள் இறங்கி முக்கால்வாசி வீணாகிவிடும். துப்பினாலோ இன்னும் மோசம். வெளியே விற்கத்தான் துப்பினாய் என்று ரிஜிஸ்டரில் பேரையே அடித்துவிடுவார்கள். ஊசியில் போதை ஏற்றிக்கொண்டு கிடந்தவர்களை ஊசிப்பக்கம் போகாமல் காப்பாற்றுகிற மருந்து. அதை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பழைய சைக்கிள் ஷெட்டைத் தடுத்து உண்டாக்கிய அறையில் வைத்துக் கொடுக்கிறார்கள். முன்பக்கம் வைத்தால் ஆஸ்பத்திரியின் மானம் போய்விடுமாம்.

காலரக்காவுக்கு அந்தப் பெஞ்சில் பதினாலு மாதம். சட்டைக் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைப்பவள் என்பதால் எல்லாரும் வைத்த பேர் அது. காய்ச்சலோ மழையோ, ஒருநாள் தவறியதில்லை. எல்லாம் மகளுக்காக. எட்டு வயதுப் பெண்ணைக் குழந்தைகள் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். அம்மா ஒழுங்காகிவிட்டாள் என்று ஓர் அதிகாரி நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால் பெண் வீட்டுக்கு வருவாள். அந்த ஒரு கையெழுத்துக்காக நாலு மாதமாக இன்று, நாளை என்று இழுத்தடித்தார்கள்.

கடைசியில் அதிகாரியம்மா வந்தே விட்டார். வந்த நேரத்தைப் பாருங்கள்: பொடி நாக்குக்கு அடியில் விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"யாரும்மா இங்க அந்த..." என்று ஃபைலைப் புரட்டினார். குழந்தையின் பேரே அவருக்கு நினைவில் இல்லை. தேடி எடுத்துப் படித்தார். காலரக்கா துள்ளி எழுந்தாள்.

"நீதானா? பொண்ணு எத்தனாம் கிளாஸ் படிக்கிறா?"

காலரக்கா வாயைத் தொட்டுக் காட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். ஆறு விரலை நீட்டிக் காட்டினாள்.

"ஆறாவதா? எட்டு வயசுல ஆறாவதா?"

நர்ஸ் குறுக்கே வந்தார். "மேடம், வாயில மருந்து இருக்கு. இன்னும் ஆறு நிமிஷம் பேசக் கூடாது. கொஞ்சம் உக்காருங்க."

"எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கணும் சிஸ்டர். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆறு நிமிஷமா? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

முத்து உதிராது. பதினாலு மாதம்தான் உதிரும். அதை எப்படிச் சொல்வது? காலரக்கா நர்ஸின் மேசையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள்: மூன்றாம் வகுப்பு, பி பிரிவு. கணக்கு நன்றாக வரும்.

அதிகாரியம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை. "எழுதிக் குடுக்கிறதெல்லாம் செல்லாது. ஃபாரத்துல 'நேரில், வாய்மொழியாக'ன்னு போட்டிருக்கு." பிறகு நர்ஸிடம் திரும்பி, அவள் செவிடு என்று யாரோ சொன்னதுபோல, அவளுக்கு எதிரிலேயே கேட்டார்: "அது சரி, இந்த மருந்தும் போதைதானே?"

காலரக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவள் கண்ணாடி போட்டால் அது கண் நோயா? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் பார்த்து இப்படிக் கேட்பாளா? நாக்கு நுனியில் வந்து நின்ற வசவை எச்சிலோடு அங்கேயே தேக்கி வைத்தாள். பெஞ்சில் இருந்த மற்ற பதினோரு பேருக்கும் அதே கதிதான். வாய் நிறைய மருந்து, வயிறு நிறைய ஆத்திரம். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் தாங்க மாட்டாமல் காலால் தரையை உதைத்தார். உடனே மற்றவர்களும் உதைக்க ஆரம்பித்தார்கள். தகரக்கூரை அதிர்ந்தது.

"பாத்தீங்களா? இதுங்ககிட்ட குழந்தைய எப்படி அனுப்புறது?" என்று கேட்டுவிட்டு அதிகாரியம்மா ஃபாரத்தில் எழுதினார். எழுதும்போதே சத்தமாக வேறு சொன்னார்: "கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. போதைப்பொருள் பயன்பாடு: உண்டு." ஃபைலை மூடிக்கொண்டு வெளியே நடந்தார்.

காலரக்கா ஓடினாள். மருந்தை வாயில் வைத்துக்கொண்டு அறையை விட்டுப் போகக் கூடாது என்பதும் விதிதான். அதனால் நர்ஸும் மேசைக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். காலரக்கா நேரே போய் வண்டிக்கு முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கையையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டாள். வெயிலில் காய்ந்த தகடு கையைச் சுட்டது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். அவள் அசையவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. யாரும் பேசாதீங்க!" என்று நர்ஸ் போட்ட சத்தம் காலரக்காவுக்கா, அதிகாரிக்கா என்று தெரியவில்லை. மருந்துக் கடை வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்கு அந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்கும்.

நேரம் முடிந்தது. நர்ஸ் பழக்கத்தில் "வாயத் திற, நாக்கத் தூக்கு" என்றார். பொடி சுத்தமாகக் கரைந்திருந்தது. "ம், போ, பேசு."

காலரக்கா ஜன்னலோரம் வந்தாள்.

"மூணாங்கிளாஸ், பி செக்‌ஷன். பல்லு ஒண்ணு போன வாரம் விழுந்துச்சு. ராத்திரி லைட்டை அணைச்சா அழுவா, அங்க அணைச்சுடுறாங்க. இன்னும் என்ன தெரியணும், கேளுங்க."

"நான்தான் ரிப்போர்ட் எழுதிட்டேனே..."

"எழுதினத அடிங்க. அடிச்சிட்டு நான் சொல்றத எழுதுங்க. ஊசி தொட்டுப் பதினாலு மாசம் ஆச்சு. மருந்து சாப்பிடுறேன். ரெண்டும் வேற வேற."

"அதுக்குன்னு ஃபாரத்துல கட்டம் இல்லம்மா."

"கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க. உங்க ஃபாரத்துல எடமில்லங்கிறதுக்காக என் புள்ளை ஏன் அங்க கெடக்கணும்?"

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதிகாரியம்மாவின் கழுத்து சிவந்தது. எழுதியதை அடித்தார். ஓரத்தில் எழுதினார். காலரக்கா அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"கோபக்காரின்னும் எழுத வேண்டியிருக்கும்," என்றார் அதிகாரியம்மா, தன் பங்கை விடாமல்.

"எழுதுங்க. எதுக்குக் கோபம்னும் சேத்து எழுதுங்க."

அதிகாரியம்மா ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கையெழுத்துப் போட்டார். ஒரு சீட்டைக் கிழித்து நீட்டியபோதுதான் முதல்முறையாக மரியாதை வந்தது. "சனிக்கிழமை காலையில சரியா பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. ஒரு நிமிஷம் தாமதமானாலும் அடுத்த மாசம்தான்." வண்டி போய்விட்டது.

காலரக்கா சீட்டைப் பார்த்தபடி நின்றாள். சிரிக்கத் தொடங்கிய முகம் பாதியிலேயே நின்றது. மருந்துக்கு அறை திறப்பதே ஒன்பதரை மணி. இல்லம் ஊரின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாற வேண்டும். மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதி கிடையாது. மருந்தை எடுத்தால் மகள் இல்லை, மகளைக் கூப்பிடப் போனால் மருந்து இல்லை.

நர்ஸ் அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்தார். இருபது வருஷமாக ஒரு விதியையும் மீறாத மனுஷி. அவர் முகம் கறுத்தது.

"ஏழு மணிக்கு வந்துடு," என்றார். "கதவைத் திறந்து வைக்கிறேன். எவன் வந்து கேக்கிறான்னு நானும் பாக்கிறேன்."