மருமகன் துடைக்கிற ஒயில்

ஒரு மனிசன் குறை சொன்னா நாமளும் திருப்பி நாலு வார்த்தை சொல்லலாம். ஒண்டும் சொல்லாம சிரிச்சுக்கொண்டு துடைச்சா என்ன செய்யிறது? என்ட மருமகன் சஜீத் அப்பிடித்தான். விடிய சுபஹ் தொழுதுட்டு நான் முன்பக்கம் வந்தா, மனிசன் கார் விடுற போட்டிக்கோவில குந்திக்கொண்டு, என்ட காருக்குக் கீழ சொட்டின ஒயிலைப் பழைய பெனியன் துணியால துடைச்சுக்கொண்டு இருப்பார்.

"விடுங்க மகன், நான் துடைக்கிறன்" எண்டா, "பரவாயில்ல மாமா, சும்மாதானே" எண்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

எங்கட கிண்ணியாவில மகளுக்குக் கலியாணம் எண்டா வீடும் மகளுக்குத்தான். மாப்பிள்ளை அங்க வந்து இருப்பார். மகள் றுமானாட கலியாணத்தோட நானும் பெண்சாதி ஹுஸ்னியாவும் பின்பக்கம் கட்டின ரெண்டு அறைக்குப் போயிட்டம். அதில எனக்கு ஒரு குறையும் இல்ல, என்ட மாமனாரும் எனக்கு அப்பிடித்தான் தந்தவர். ஆனா காரைப் பின்னுக்குக் கொண்டுபோக வழியில்ல. அது றுமானாவ விட மூத்தது, நம்பர் தகட்டில ஸ்ரீ போட்ட காலத்துக் கார். கலியாணத்துக்கெண்டு ஹுஸ்னியா அடம்பிடிச்சுப் பதிச்ச வெள்ளை டைல்ஸுக்கு மேல நிண்டுகொண்டு, அது தன்ட பாட்டுக்குச் சொட்டிச்சு.

"வாற வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டாக்கள் பகல் சாப்பாட்டுக்கு வாறாங்க" எண்டா ஹுஸ்னியா. "மருமகன்ட உம்மா இதைக் கண்டா என்ன நினைப்பா? காரைக் கொண்டுபோய் றோட்டில விடுங்க. இல்லாட்டி வித்துத் தொலைங்க."

எனக்குப் பகீரெண்டு போச்சு. இண்டைக்குக் கார் றோட்டுக்குப் போனா, நாளைக்கு நான் முன் கேற்றால வந்து போறதும் இடைஞ்சலாத் தெரியும். நான் கட்டின வீட்டில நானே விருந்தாளியாப் போயிருவனோ எண்டு சரியாப் பயந்திட்டன். அதை ஹுஸ்னியாட்டச் சொல்லுவனா?

"கார் திருத்துற கறாஜும் வேணாம், ஒருத்தனும் வேணாம். நானே ஒழுக்கை நிப்பாட்டிக் காட்டுறன் பாரு" எண்டு பெரிசா வாயை விட்டன்.

கீழதானே சொட்டுது, அப்ப பிழையும் கீழதான் எண்டது என்ட கணக்கு. ஜெக் அடிச்சு, ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் வெச்சு, முதுகால ஊர்ந்து உள்ள போனன். பழைய ஒயிலை இறக்கி ஒரு கேனில ஊத்தி மூலையில வெச்சன். ஒயில் இறக்கிற நட்டுக்குப் புது வொஷர் போட்டு இறுக்கி, மேலால புது ஒயில் ஊத்தினன்.

அந்த நேரம் பார்த்து சஜீத் சேட்டுக் கையை மடிச்சுக்கொண்டு வந்தார். "மாமா, நானும் பிடிக்கட்டா?"

நான் வாய் திறக்க முந்தி ஹுஸ்னியா குசினியில இருந்து பறந்து வந்தா. "அல்லாவே! நீங்க என்னத்துக்கு மருமகன்? போய் ஃபேனுக்குக் கீழ இருங்க, ஜூஸ் கொண்டு வாறன்." பாவம், அந்தப் புள்ளை உள்ள போச்சு. ஜூஸுக்குப் பின்னால வட்டிலப்பமும் போச்சு. கலியாணம் முடிஞ்சதில இருந்து எங்கட வீட்டில தின்னுறதுதான் அவருக்கு வேலை. காரியாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போற சேட்டுக்கே இப்ப பொத்தான் பூட்ட ஏலாது.

அடுத்த நாள் விடிய வந்து பாத்தா, மருமகன் குந்திக்கொண்டு துடைக்கிறார். வொஷருக்கு நான் குடுத்த பாடெல்லாம் வீண்.

பிறகு ஃபோன்ல ஒரு வீடியோ பாத்தன். எஞ்சினை நல்லாக் கழுவிக் காயவிட்டுப் பவுடர் தூவி ஓடவிட்டா, ஒயில் எங்க இருந்து வருதெண்டு கோடு காட்டுமாம். ஹுஸ்னியாட முகப்பவுடரைத் தொட்டா உசிரோட விடமாட்டா. குசினிக்குள்ள பூனை மாதிரிப் போய், இடியப்பத்துக்கு வறுத்து வெச்ச அரிசிமாவை ஒரு கோப்பை அள்ளிக்கொண்டு வந்து, கழுவிக் காஞ்ச எஞ்சினில தூவினன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டு வந்து குனிஞ்சனோ இல்லையோ, எஞ்சின் ஃபேன் காத்து பாதி மாவை என்ட மூஞ்சியிலயே அடிச்சுது. நல்லகாலம், தாடி ஏற்கனவே வெள்ளை.

மிச்ச மா எஞ்சின் சூட்டில கருகின மணத்துக்கு, "எங்கயோ மா தீயுது!" எண்டு கத்திக்கொண்டு ஹுஸ்னியா ஓடி வந்தா. எஞ்சினைப் பாத்தா, என்னைப் பாத்தா, மாக் கோப்பையைப் பாத்தா. அவ ஏசின ஏச்சை இதில சொல்லேலாது.

ஆனா கோடு விழுந்திட்டு! எஞ்சினுக்கு மேல இருக்கிற மூடி, டெப்பட் கவர் எண்டு சொல்லுறது, அதின்ட பின் மூலையில இருந்து ஒயில் கசிஞ்சு, பக்கத்தால வழிஞ்சு, அடிக்குப் போய்ச் சொட்டுது. பிழை மேல, நான் கிடந்து உருண்டது கீழ. சீ, என்ன மடைத்தனம்!

திருகோணமலை டவுனுக்கு பஸ்ஸில போய், அந்த மூடிக்குக் கீழ ஒயில் கசியாமப் போடுற புதுப் பெக்கிங் வாங்கினன். பழைய பெக்கிங் பிஸ்கட் மாதிரி நொறுங்கி வந்துது. சுரண்டி, துடைச்சு, மூலையில கொஞ்சம் பசை வெச்சு, புதுசைப் போட்டுப் பக்குவமா இறுக்கினன். வெள்ளிக்கிழமை டைல்ஸ் பளிச்செண்டு இருந்துது. சம்பந்தி பிரியாணியில கை வைக்க முந்தியே நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காருக்குக் கீழ எட்டிப் பாக்க வெச்சிட்டன். மனிசனுக்கு ஒண்டும் விளங்கல்ல, எண்டாலும் "மாஷா அல்லாஹ்" எண்டார்.

சனிக்கிழமை விடிய நெஞ்சை நிமித்திக்கொண்டு முன்பக்கம் வந்தன். சஜீத் துணியைக் கையில வெச்சுக்கொண்டு, காரைச் சுத்திச் சுத்திக் குனிஞ்சு பாக்கிறார்.

"ஒரு சொட்டும் இல்ல மாமா."

"இல்லத்தானே! இனி நீங்க துடைக்கத் தேவையில்ல மகன்."

சந்தோசப்படுவார் எண்டு பாத்தா, முகம் சுண்டிப் போச்சு. துணியை மடிக்கிறார், விரிக்கிறார், திரும்ப மடிக்கிறார்.

"மாமா, குறையாச் சொல்லல்ல" எண்டார் மெதுவா. "தண்ணி எடுக்கப் போனா மாமி ஓடி வாறாங்க. கதிரையை இழுத்தா றுமானா ஏசுறா. வந்த ஆள் மாதிரியே இருக்கன். மாமி எழும்பி முன்னுக்கு வர முந்தி இதைத் துடைக்கக்குள்ளதான் இது என்ட வீடு எண்டு ஒரு நினைப்பு வரும்."

நான் விருந்தாளியாப் போயிருவன் எண்டு பயந்து செத்தன், இந்தப் புள்ளை வந்த நாளில இருந்தே விருந்தாளியாக் கிடந்திருக்கு. அண்டைக்கே ஹுஸ்னியாட்டச் சொல்லிப் பாத்தன். "மருமகனை வேலைக்கு விட்டா ஊர் என்ன கதைக்கும்?" எண்டு முடிச்சிட்டா.

ஞாயிற்றுக்கிழமை நான் சுபஹுக்கு முந்தியே எழும்பிட்டன். மூலையில வெச்ச கேனை எடுத்து, காருக்குக் கீழ, வெள்ளை டைல்ஸில, நானே பழைய ஒயிலைச் சொட்டினன். மனசு கேக்காம இன்னும் கொஞ்சம் ஊத்தினன்.

விடிஞ்சதும் ஹுஸ்னியாட சத்தம் றோட்டுக்குக் கேட்டுது. "என்ன வாய், என்ன வீறாப்பு! இன்னும் ஒழுகுதே!"

வெட்கமாத்தான் இருந்துது. சம்பந்தியை வேற குனிய வெச்சவன். எண்டாலும் சொன்னன்: "ஓம் ஹுஸ்னியா, தோத்திட்டன். இது என்னால ஏலாது. மருமகன்தான் பாக்கவேணும்."

சஜீத் துணியோட ஓடி வந்தார். ஒயிலைப் பாத்தார், மூலையில கேனைப் பாத்தார், என்னைப் பாத்தார். நான் வானத்தைப் பாத்தன். மனிசன் சேட்டுக் கையை முழங்கைக்கு மேல மடிச்சுப்போட்டுப் பொனட்டைத் திறந்தார்.

ஹுஸ்னியா பதறிக்கொண்டு ஜூஸோட வந்தா. "மருமகன், நீங்க என்னத்துக்கு..."

"இப்ப ஏலாது மாமி" எண்டார் எஞ்சினுக்குள்ள தலையை விட்டபடி. "வேலையா இருக்கன். கொஞ்சம் அரிசிமா தாங்க."