ஏழாம் வார்டின் ஏகமனதான சம்மதம்

ஏலங்கரை பஞ்சாயத்தில் ஏழாம் வார்டு கிராம சபை மட்டும் ஆள் போதாமல் கலைந்ததாக வரலாறே கிடையாது. பதினோரு வருஷம், வருஷத்துக்கு நாலு சபை. மற்ற வார்டுக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல்தான். இந்தப் பெருமை முழுக்க விலாசினியைச் சேர்ந்தது. ஜனங்களுக்கு இதில் பங்கு கிடையாது, ஏனென்றால் ஜனங்கள் வந்ததே இல்லை.

வார்டில் ஆயிரத்து நானூறு ஓட்டு. பத்தில் ஒரு பங்கு, அதாவது நூற்று நாற்பது பேர் கூடினால்தான் சபை செல்லும். பள்ளிக்கூட வராந்தாவில் வந்து உட்காருவதோ முப்பத்தைந்து பேர், அதிலும் பாதிப் பேர் டீக்கும் பழம்பொரிக்கும் வந்தவர்கள். மிச்சப் பேரை, குடும்பஸ்ரீ மகளிர் குழுவின் செயலாளரான விலாசினி அடுத்த இரண்டு நாளில் வீடு வீடாகப் போய்ப் பிடித்துவிடுவாள். மினிட்ஸ் புத்தகம் கக்கத்தில், பேனா ஜாக்கெட்டில். மாவாட்டிக்கொண்டிருப்பவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து "எங்க போடணும் சேச்சி?" என்பாள். என்ன என்று ஒருத்தி கேட்டதில்லை. விலாசினி கொண்டுவந்தால் நல்லதாகத்தான் இருக்கும். அவள்தானே பென்ஷன் வாங்கிக் கொடுத்தாள், ரேஷன் அட்டையைத் திருத்திக் கொடுத்தாள்.

கையெழுத்துகளுக்கு மேலே அரைப் பக்கம் காலியாக இருக்கும். வார்டு மெம்பர் பென்னி பிறகு சாவகாசமாகத் தீர்மானங்களை எழுதிக்கொள்வார். தெருவிளக்கு, கிணற்றுக்கு வலை, நாய்க்கு ஊசி. ஒரு கெடுதலும் வந்ததில்லை.

இந்த முறை பென்னி, "ரெண்டு பக்கம் விட்டுடு விலாசினி" என்றார்.

"ரெண்டா? அவ்வளவு என்ன எழுதப் போறீங்க?"

"நிறைய இருக்கு. அப்புறம், இன்னொண்ணு. அடுத்த எலெக்ஷன்ல இந்த வார்டு பொம்பளைங்களுக்கு ஒதுக்குறாங்க. கட்சி ஆபீஸ்ல யாரு யாருன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு பேருதான் தெரியும்னுட்டேன்."

முதலில் கேட்ட கேள்வி அதோடு விலாசினிக்கு மறந்துபோயிற்று. மறந்தது என்று அவள் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் மறக்கவில்லை, கேட்க மனசு வரவில்லை. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக யாரோ அவள் பெயரைப் பெரிய இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் போய்க் குறுக்குக் கேள்வியா கேட்பது? இரண்டு பக்கத்தை விட்டுவிட்டு மூன்றாம் பக்கத்தில் கோடு போட்டாள்.

தங்கமணியை வீட்டில் காணவில்லை. கிழக்கே வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் புல் மண்டிக் கிடந்த நாலு ஏக்கர் அது. தங்கமணியும் இன்னும் நாலு பெண்களும் குத்தகைக்கு எடுத்து, விஷம் தெளிக்காமல், சாணமும் மீன் கரைசலும் ஊற்றி நாலு போகம் எடுத்துவிட்டார்கள். அந்தச் சிவப்பரிசிதான் இப்போது மூன்று அங்கன்வாடிகளில் கஞ்சி. "பொம்பளைங்க விவசாயம் பண்ணி நாடு உருப்பட்ட மாதிரிதான்" என்று டீக்கடையில் சிரித்தவர்களே இப்போது முன்கூட்டி அரிசிக்குச் சொல்லிவைக்கிறார்கள்.

விலாசினி வரப்பில் நின்று புத்தகத்தை நீட்டினாள்.

"கை பூரா சேறுடி. நாளைக்கு வாயேன்."

"நாளைக்குப் புக்கைக் கொடுக்கணும். சும்மா போடு, சேறு காஞ்சா உதிர்ந்துடும்."

தங்கமணி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். போகும்போது ஒரு படி அரிசி வேறு கட்டிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து அதே தங்கமணி மத்தியான நேரத்தில் விலாசினியின் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"கிழக்கே வயலை மண்ணடிச்சு மேடாக்கப் போறாங்களாம். நிலத்துக்காரர் கொச்சியில இருந்து பேப்பர் அனுப்பியிருக்காரு. கிராம சபை ஏகமனதா சம்மதம் கொடுத்திருக்குதாம்."

"எந்தக் கிராம சபை?"

"நம்மதுதான். பஞ்சாயத்துல போய் புக்கைப் பார்த்தேன். 'இயற்கை விளைபொருள் சந்தையும் வண்டி நிறுத்தும் இடமும் கட்ட.' கீழ நூத்துக்கணக்குல கையெழுத்து. என்னதும் இருக்குடி. சேத்தோட இருக்கு."

விலாசினிக்கு அடுப்பில் எது கொதிக்கிறது என்றே தெரியவில்லை. தங்கமணி ஏசியிருந்தால்கூடத் தேவலை. அவள் ஏசவில்லை. "உனக்குத் தெரியாம நடந்திருக்கும். நீ எங்களுக்கு அப்படிச் செய்வியா" என்றாள். அந்த நம்பிக்கைதான் ஊசியாகக் குத்தியது. இரண்டு பக்கம் என்று சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். "மெம்பரைக் கேட்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பென்னி கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

"அவங்க அரிசியை விக்கத்தானே சந்தை கட்டுறோம்" என்றார்.

"வயலை மூடிட்டா அரிசி எங்கேர்ந்து வரும் சேட்டா?"

"பாலக்காட்டுல விளையுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, நீ போய் ஆள் வரலைன்னு சொன்னா சபையே செல்லாது. சபை செல்லலைன்னா அதுல பாஸான இலவச வீட்டு லிஸ்டும் செல்லாது. ஒம்பது குடும்பம். சாவித்ரி ஏழு வருஷமா தார்ப்பாய்க்குக் கீழ கிடக்கிறா. அவகிட்ட நீயே போய்ச் சொல்லு."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். இங்கே வேலி, மேய்ந்ததோடு நிற்காமல், அந்தப் பயிரைக் காட்டியே மிரட்டவும் செய்தது. விலாசினி திரும்பி நடந்தாள். அடுத்த நாலு நாளும் சோறு இறங்கவில்லை. தங்கமணி கொடுத்த அரிசி பானையில் அப்படியே இருந்தது. அதைப் பொங்க அவளுக்குக் கை வரவில்லை. சாவித்ரியின் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள். யார் பக்கம் நின்றாலும் இன்னொருத்தியின் வயிற்றில் அடிப்பதாகத்தான் முடியும். இதில் தன் சீட்டைப் பற்றிய நினைப்பும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதை எண்ணி அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தங்கமணி கூட்டத்தார் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்ததால், வேளாண் அதிகாரி ரஸியா விசாரணைக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணி, அதே பள்ளிக்கூட வராந்தா. கையெழுத்துப் போட்டவர்கள் வர வேண்டும் என்று நோட்டீஸ். வேடிக்கையைப் பாருங்கள், பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக வராந்தா நிரம்பி முற்றம்வரை ஆள் நின்றது.

ரஸியா தீர்மானத்தைப் படித்தார். "ஏகமனதாக" என்ற இடத்தில் விலாசினி எழுந்தாள்.

"மேடம், அன்னைக்கு முப்பத்தஞ்சு பேருதான் வந்தாங்க. மத்தவங்ககிட்ட நான்தான் வீடு வீடா போய் கையெழுத்து வாங்கினேன். போடும்போது மேல ஒண்ணும் எழுதியிருக்கலை. காலியா விடச் சொன்னப்போ ஏன்னு நான் கேட்டிருக்கணும். கேட்கலை. தப்பு என்னோடது."

சொல்லி முடித்ததும் மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கியது போலிருந்தது. ஒரு நிமிஷம்தான்.

ரஸியா பேனாவை மூடிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "இவங்க சொல்றது சரிதானா? சபைக்கு வராம கையெழுத்துப் போட்டவங்க யாரு? எழுந்து சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

யாரும் எழவில்லை. பின்னால் யாரோ "வீட்டு லிஸ்டும் அதே புக்குலதான் இருக்குது" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

முதலில் எழுந்தது சாவித்ரி. "நான் வந்திருந்தேன் மேடம். அந்தத் தூணுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். பழம்பொரி கூட தின்னேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு வந்ததும் பயம் போய்விட்டது. "நானும் வந்தேன்." "நாங்க மூணு பேரும் சேர்ந்துதான் வந்தோம்." "மழை தூறிச்சு, குடை எடுத்துட்டு வந்தேன்." ஒருவர் பின் ஒருவராக, வராத சபைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். அன்று ஒரு சொட்டு மழை இல்லை. நாலாம் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் நிஜமான கரிசனத்தோடு, "விலாசினிக்கு நாலு நாளா உடம்பு சரியில்லை மேடம். சாப்பிடுறதே இல்லை. பாவம், என்னமோ குழம்பிப் போய்ப் பேசுது" என்றாள்.

விலாசினி நின்ற இடத்திலேயே நின்றாள். யார் மேலும் கோபம் வரவில்லை. வராமலே வந்ததாகச் சொல்ல இவர்களை வருஷத்துக்கு நாலு தடவை பழக்கியது யார்? அவள் பழக்கினாள், அவர்கள் படித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கடைசியில் தங்கமணி எழுந்தாள். கூட இருந்த நாலு பெண்களில் இரண்டு பேருடைய பெயர் வீட்டு லிஸ்டில் இருந்தது. அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இருவரும் அன்று நிஜமாகவே சபைக்கு வந்திருந்தவர்கள். வயலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை என்று அவர்கள் முன்பே எழுதிக் கொடுத்தாயிற்று.

"நான் வரலை மேடம். வயல்ல இருந்தேன். என்னன்னு படிக்காம போட்டேன். அது என் தப்பு."

ரஸியாவுக்குச் சங்கடமாக இருந்தது தெரிந்தது. புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். "நீங்க சொல்றதை அப்படியே எழுதி மேல அனுப்புறேன். ஆனா சட்டப்படி என்னால உங்க ஒரு கையெழுத்தைத்தான் நீக்க முடியும். மொத்தம் நூத்து நாற்பத்தாறு. ஒண்ணு போனா நூத்து நாற்பத்தஞ்சு. சபை செல்லும். தீர்மானம் நிக்கும்."

நூற்று நாற்பது போதும். யாராவது பின்னால் வம்பு பண்ணினால் இருக்கட்டும் என்று ஆறு பேரை எப்போதும் கூடுதலாகப் பிடித்து வைப்பது விலாசினியின் கெட்டிக்காரத்தனம்.

பென்னி எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். கூட்டம் கலைந்தது. சாவித்ரி போகிற போக்கில் விலாசினியின் கையைப் பிடித்து, "கவலைப்படாதே சேச்சி, ஒண்ணும் ஆகலை" என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

தங்கமணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். விலாசினி அருகில் போனாள். காலைப் பிடித்திருப்பாள், அத்தனை பேர் பார்க்காமல் இருந்திருந்தால்.

"தங்கமணி, எனக்குத் தெரியும்டி. ரெண்டு பக்கம் விடச் சொன்னப்பவே ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. உன்கிட்ட அன்னைக்குச் சொல்லலை."

தங்கமணி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் அவள் முகத்தில் இருந்த அந்த நம்பிக்கை இப்போது இல்லை.

"அடுத்த சபை எப்போ?"

"ஜனவரியில. ரெண்டாவது சனி."

"நான் வர்றேன். இங்கேயே வந்து, படிச்சுப் பார்த்து, போடணும்னு தோணுனா போடுறேன்." அவள் குடையை விரித்தாள். "நீ இனிமே என் வீட்டுக்கு வராதே."