தேய்க்கக் கூடாத விளக்கு

விளக்குக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். பழைய விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு யார் வந்தாலும், அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கைக் கீழே வைக்க முடியும். "துடைக்கலாம், தேய்க்கக் கூடாது. பளபளன்னு வேணும்னா கடையில புதுசு வாங்கிக்கோங்க. பழசோட மதிப்பே அதோட மேல்தோல்லதான் இருக்கு." ஒயரை மாற்றினால் பழைய ஒயரையும் ஸ்விட்சையும் ஒரு பையில் போட்டு விளக்கோடு கட்டிக் கொடுப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் பல் டாக்டரம்மாவின் மேசை விளக்கைப் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தங்கம் மாதிரி ஆக்கிவைத்தார்.

ஏன் செய்தார்? எல்லாம் தெரியும் என்ற திமிர், வேறென்ன. அந்தப் பித்தளை விளக்கு முழுக்கக் கரும்பழுப்பாக இருந்தது. எவனோ பின்னால் பூசின பெயின்ட் என்று பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டார். இத்தனை வருஷ அனுபவஸ்தர் சோதித்துப் பார்ப்பாரா? தேய்த்து முடித்து அழகு பார்த்த பிறகுதான், அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியை மாற்றலாம் என்று பிரித்தார். துணிக்குக் கீழேயும் அதே பழுப்பு. விளக்கைச் செய்தவன் துணி ஒட்டுவதற்கு முன்னாலேயே கொடுத்த நிறம் அது. மருந்து தடவி மறுபடி கறுக்க வைக்கலாம்தான். ஆனால் அது அந்தத் தோல் ஆகாது.

டாக்டரம்மா வந்தபோது சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பார். அவர் விளக்கின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கப்பா மேசையில இருந்த விளக்குங்க இது. தேய்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? யார் செஞ்சது?"

"என் மச்சினன்" என்றார் விளக்குக்காரர். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வந்ததோடு நிறுத்தினாரா? "செவ்வாய்க்கிழமை நான் வெளியே போயிருந்தேங்க. முன்னாடி குடிச்சிட்டுத் திரிஞ்ச பையன். திருந்திட்டான்னு நம்பி வேலைக்கு வச்சேன்..."

டாக்டரம்மா விளக்கை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுக்கதவில் நின்றிருந்த மனைவி அத்தனையும் கேட்டுவிட்டாள்.

ஒயர் வாங்கப் போயிருந்த தம்பி உள்ளே காலை வைத்ததுமே பிடித்துக்கொண்டாள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியாடா?"

"என்னக்கா?"

"என்னவா? செவ்வாய்க்கிழமை இந்த விளக்கை என்ன பண்ணி வச்சிருக்கே, பாரு!"

நான் இல்லை என்று அவன் கத்துவான் என எதிர்பார்த்தார் விளக்குக்காரர். கத்தியிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவனோ விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்குக் காய்ச்சல்னு மாத்திரை போட்டுட்டு இங்கதான் படுத்தேன். அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா."

குடித்த காலத்தில் அவன் செய்ததை எல்லாம் மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வான். சுவர்க் கடிகாரத்தை உடைத்ததும் அப்படி, அக்காவைக் கண்டபடி திட்டியதும் அப்படி. சொன்னதை நம்பி மன்னிப்புக் கேட்டே பழகியவன். இப்போதும் நம்பிவிட்டான். விளக்குக்காரர் ஸ்க்ரூ தேடுகிற பாவனையில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன மனுஷன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

காலையில் மச்சினன் வந்து கடைச் சாவியை மேசைமேல் வைத்தான். கண் வீங்கியிருந்தது.

"அத்தான், இது உங்ககிட்டயே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு என் மேல வாடை அடிச்சுதா? பாட்டில் எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கேனான்னு ரூம் முழுக்கத் தேடிட்டேன். கிடைக்கல. அதுதான் இன்னும் பயமா இருக்கு. எங்க வாங்கினேன், எப்பக் குடிச்சேன்னே தெரியல."

விளக்குக்காரருக்கு உடம்பு கூசியது. ஒரு விளக்கின் தோலை உரித்தது போதாதென்று இவனையும் உரித்துவிட்டோம் என்று நினைத்தார்.

"நான்தான்டா தேய்ச்சேன்."

"என்னது?"

"நீ தூங்கிட்டிருந்தே. குளிர்ல நடுங்குறியேன்னு நான்தான் போர்வை எடுத்துப் போத்திவிட்டேன். அப்புறம்தான் மிஷினைப் போட்டேன். நீ புரண்டுகூடப் படுக்கல. டாக்டரம்மா கேட்டதும் பயத்துல உன் பேரைச் சொல்லிட்டேன்."

அறைவான் என்று காத்திருந்தார். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப நான் குடிக்கலையா?"

"இல்லடா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மச்சினன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது. நடுவில் சிரிப்பும் வந்தது. "தேங்க்ஸ் அத்தான்" என்றான். அந்த ஒரு வார்த்தை விளக்குக்காரரை எந்த அறையும் செய்யாத பாடு படுத்திவிட்டது.

அதோடு விட்டானா? கொஞ்சம் தெளிந்ததும் சொன்னான்: "டாக்டரம்மாகிட்ட மாத்திச் சொல்ல வேணாம். நீங்கன்னு தெரிஞ்சா கடைக்குத்தான் கெட்ட பேரு. நான்னே இருக்கட்டும். நான் குடிக்கலன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு நொடி விளக்குக்காரருக்குச் சபலம் தட்டியது. அந்த நொடிக்காக அவர் பிற்பாடு பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சம் இல்லை. நிமிர்ந்தபோது நடுக்கதவில் மனைவி நின்றிருந்தாள். கையில் ஒரே ஒரு டம்ளர் டீ. அதைத் தம்பியின் பக்கத்தில் வைத்தாள். அவன் தலையைத் தடவினாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"செருப்பைப் போடுங்க. கிளினிக் திறந்திருக்கும்."

விளக்கைச் சுற்ற அவர் துணியைத் தேடினார். துணி எதிரில்தான் கிடந்தது. எடுக்காமல் விளக்கை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். வெயில் பட்டு அது கண்ணைக் கூசவைத்தது. எதிரே வந்த தையல்காரர் நின்று பார்த்தார்.

"அடேயப்பா, என்னா பளபளப்பு! யாரு கைவேலை?"

"என் கைவேலைதான்" என்றார் விளக்குக்காரர். "நான்தான் கெடுத்துட்டேன்."