படகுக் கொட்டகையில் ஏழு விநாடி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாசலில் கிடைத்தது. மே மாதம், காலை ஆறரை மணி. ஃபோபோர்க் என்ற துறைமுக ஊரில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் தோர்கில், விபெகே தம்பதியின் வீட்டு முன்னால் சத்தமில்லாமல் வளைவு கட்டிக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு அன்று செம்புக் கல்யாணம். மணமாகிப் பன்னிரண்டரை வருடம், இருபத்தைந்து வருட வெள்ளி விழாவுக்குப் பாதி. அதனால் ஊசியிலை வளைவும் பாதிதான். ஒரு பக்கம் எழும்பி, உச்சியில் அந்தரத்தில் நின்றுவிடும். கட்டி முடித்ததும் நாங்கள் பாடுவோம். தம்பதி இரவு உடையிலேயே வந்து கதவைத் திறக்க வேண்டும், அதுதான் இங்கே வழக்கம்.

எனக்கு ஊசியிலைக் கொம்பு எடுத்துக் கொடுத்தவள் மெரெதே, தோர்கில்லின் அக்கா. காதோரம் சொன்னாள்: "கதவு தொறக்குமான்னே தெரியல. நான் ஒரு வேல பண்ணிட்டேன்."

மெரெதே ஒரு சூழ்ச்சிக்கார நாத்தனார். அவள் சிரிப்பில்கூட—

(இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். குடும்பக் கதை எழுதி எழுதி என் கைக்கு வந்த கெட்ட பழக்கம். மெரெதே அன்று அழுகிற நிலையில் இருந்தாள்.)

2

மெரெதேக்கு உள்ளூர் வானொலியில் ஒலித்தொகுப்பு வேலை. இருமலை வெட்டுவாள், இழுவையை வெட்டுவாள், மௌனத்தைக் கண்டால் யோசிக்காமல் வெட்டுவாள்.* தம்பியின் விழாவுக்குப் பரிசாக, சொந்தபந்தங்களின் பேச்சைப் பதிவு செய்து கோத்தாள். காலைச் சாப்பாட்டின்போது போட்டுக்காட்டத் திட்டம்.

படகுக் கொட்டகையில் வைத்துத் தம்பியிடம் கேட்டாள்: "டேய், திரும்ப மொதல்லேர்ந்துன்னா, விபெகேயத்தான் கட்டிப்பியா?"

ஏழு விநாடி. கடற்காக்கைகள். பிறகு தோர்கில் சொன்னது இவ்வளவுதான்: "இந்தக் கயிறு இன்னும் காயல."

அதைப் போய் விழாவில் போடுவதா? கேள்விக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் வெட்டினாள். வேறொரு பதிவில், அவன் வீட்டுச் சமையலறையில், "காப்பி வேணுமாடா?" என்று அவள் கேட்டதற்கு, "ஆமா, அதுல என்ன சந்தேகம்" என்றிருந்தான். நகல் எடுத்தாள். ஒட்டினாள். இரண்டு ஓரங்களையும் இழைத்துவிட்டாள்.

* நானும்தான். இந்தக் கதையில் தோர்கில் எப்படி இருப்பான் என்று இதுவரை சொல்லாததைக் கவனித்தீர்களா? அவன் முகம் எனக்கே பிடிபடவில்லை.

3

விழாவுக்கு முந்தின நாள் மதியம் விபெகே கேக் தட்டு வாங்க மெரெதே வீட்டுக்கு வந்தாள். இருவரும் பள்ளித் தோழிகள்.

"தட்டு இருக்கட்டும். நீ பதிவு பண்ணதுல அவன் என்ன சொன்னான்? அத மட்டும் போடுடி."

"நாளைக்குக் கேளேன், அவசரக்குடுக்க."

"நாளைக்குக் கதவத் தொறக்கணுமான்னே நான் இன்னும் முடிவு பண்ணல." விபெகே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒடென்சேல வேலை கெடச்சிருக்கு. போகட்டுமான்னு மூணு மாசமா கேக்குறேன். போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. இந்த அழகுல ஊரக் கூட்டி வெச்சுப் பல்லக் காட்டணுமா?"

மெரெதே போட்டாள். (ஏன் போட்டாள்? இந்த இடத்தை நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒட்டியது பிடித்து நிற்கும் என்று நம்பியிருப்பாள்.)

கேட்டு முடித்தும் விபெகே காதில் மாட்டிய ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. "படகுக் கொட்டகைல எங்க வீட்டு ஃபிரிட்ஜு எங்கேர்ந்துடி வந்துச்சு?"

"என்னது?"

"அவன் ஆமான்னு சொல்றப்ப மட்டும் காக்கா நின்னுபோய், எங்க ஃபிரிட்ஜு உறுமுது. பன்னண்டரை வருஷமா கேக்குறேன், தெரியாதா எனக்கு?"

மெரெதே எல்லாவற்றையும் சொன்னாள். விபெகே திட்டவில்லை. "அந்த ஏழு செகண்ட வெச்சிருக்கியா, வீசிட்டியா?"

வெட்டியது எதுவும் கணினியிலிருந்து போய்விடுவதில்லை. மெரெதே பழைய இடத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தாள். விபெகே மூன்று முறை கேட்டாள்.

"கயிறு முறுக்குற சத்தம் கேக்குது பாரு. நீ கேட்டதும் நிக்குது."

"அதுக்கென்ன?"

"அவன் கை எதுக்கும் நிக்காதுடி. அவங்க அப்பா செத்துட்டாருன்னு ஃபோன் வந்தப்பக்கூட வலையப் பின்னிக்கிட்டேதான் பேசினான்."

"அப்போ ஆமாங்கறியா? இல்லங்கறியா?"

"தெரியலையே." விபெகே எழுந்தாள். "கதவு தொறந்தா இதப் போடு. வெட்டாம."

தட்டை மறந்துவிட்டுப் போனாள்.

4

முடிவு ஒன்று: கதவு திறக்கிறது, விபெகே தோர்கில்லின் தோளில்—

முடிவு இரண்டு: கதவு திறக்கவில்லை, மரப்படியில் செய்தித்தாள் மட்டும்—

இரண்டையும் முழுசாக எழுதினேன். படித்தபோது ஏதோ உறுத்தியது. விபெகே வீட்டுப் படி கல். நான் எழுதியது மரப்படி. என்னுடைய பழைய கதை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன்! தோளில் சாய்ந்தவளும் அங்கிருந்து வந்தவள்தான். காது கூர்மையான வாசகர் யாராவது ஃபிரிட்ஜைக் கண்டுபிடித்துவிடுவார். இரண்டையும் எடுத்துவிட்டேன்.

நான் அன்று அங்கேதான் நின்றிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதினால் என் ஆசை நடுவில் உறுமும்.

ஆகவே கைபடாமல் இருப்பதை மட்டும் தருகிறேன். பாட்டு முடிகிறது. பாதி வளைவின் கீழே மெரெதே என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள். துறைமுகப் பக்கம் காக்கைகள். கதவுக்கு உள்ளே, கல்தரையில் வெறுங்கால்கள் நடந்து வருகின்றன. ஒருவரா, இருவரா? கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஏழு விநாடி. நான் வெட்டவில்லை. நீங்கள் கேளுங்கள்.