நாற்காலிக்கு முப்பது கேலன்

கார்பின் ஃபால்ஸ் ஊரின் கழிவுநீர்த் தொட்டியில் இன்னும் ஒரு முழம் இடம் இருந்தது. எந்தக் கட்டடம் ஒரு நாளைக்கு எத்தனை கேலன் கழிவுநீர் விடலாம் என்று ஒதுக்கி எழுதும் பதிவேட்டில் ஒரு சொட்டுக்கும் இடமில்லை. அதனால் நாற்பது வீடுகளும் ஒரு பல் மருத்துவமனையும் ஆறு வருடமாக இணைப்பு கிடைக்காமல் வரைபடத்திலேயே கிடந்தன.

ஆர்டிஸின் சூப் கடையும் அப்படித்தான். பதினோரு வருடம் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் நின்றே வேலை பார்த்தவள். பழைய செருப்புக்கடையைப் பிடித்து, இருபத்து நான்கு நாற்காலிகளை வாங்கி அடுக்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் பனி விழுவதற்குள் கடை திறக்காவிட்டால் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் உரிமையாளர். அக்டோபர் பாதி ஓடிவிட்டது.

மெர்ல் காலையில் ஊர் அலுவலக எழுத்தர், மதியம் கழிவுநீர் நிலையத்தின் ஒரே ஊழியர். மறுபடி கதவைத் தட்டியவளை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாற்காலிக்கு முப்பது கேலன். உனக்கு எழுநூத்தி இருபது வேணும். இல்ல."

"யாருகிட்டதான் இருக்கு?"

மெர்ல் பதிவேட்டைப் புரட்டினார். "சர்ச்சுல நூத்தி இருபது இருக்கை. ஒண்ணுக்கு மூணு கேலன்."

"ஞாயித்துக்கிழமை பதினோரு பேருதானே வர்றாங்க?"

"ஆளை யாரு எண்ணுறா? இருக்கையத்தான் எண்ணணும். அவங்க இருக்கையை எடுத்துட்டு அந்தக் கேலனை உன் பேருக்கு எழுதிக் குடுத்தா, உனக்கு முன்னால காத்திருக்கிற வரிசையைக்கூடப் பார்க்க வேண்டாம்."

பாஸ்டர் ஹாலிஸ் ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை. "உட்கார்ந்தா தூங்குறானுங்க," என்றார். அன்றைக்கே பெஞ்சுகள் கொட்டகைக்குப் போயின. முந்நூற்று அறுபது கேலன் கிடைத்தது.

மீதிக்கு டுவேனின் மதுக்கடை. பதினெட்டு ஸ்டூல், ஒன்றுக்கு இருபது கேலன்.

"என் ஸ்டூலைப் பிடுங்கிட்டு நீ சூப் ஊத்துவியா?"

"உன் ஆளுங்க சாப்பிட எங்க வருவாங்க? என்கிட்டதான். சாப்பிட்டுட்டு குடிக்க எங்க போவாங்க? உன்கிட்டதான்."

டுவேன் தாடையைச் சொறிந்தான். "நின்னுக்கிட்டே குடிக்கட்டும் நாய்ங்க."

நின்றுகொண்டே குடித்தார்கள். நிற்பவனுக்குக் கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல. ஒரே வாரத்தில் பீர் விற்பனை இரண்டு மடங்கு. கழிப்பறை வாசலில் எப்போதும் ஆள்.

மெர்ல் தொட்டியைப் பார்த்துவிட்டு நேராக ஆர்டிஸிடம் வந்தார்.

"அந்த ஒரு முழம் இப்ப அரை முழம்."

"அப்ப அனுமதி?"

"பதிவேட்டுல எழுநூத்தி இருபது குறைஞ்சிருக்கு."

"தொட்டியில ஏறியிருக்குங்கிறீங்க."

"மாநில ஆபீசுக்கு அனுப்புறது பதிவேட்டைத்தான். தொட்டியைத் தூக்கிட்டா போக முடியும்?"

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி அனுமதி வந்தது. முப்பதாம் தேதி பனி விழுந்தது. இடையில் கிடைத்த அந்த ஒரு நாளில் ஆர்டிஸ் கடையைத் திறந்தாள்.

ஊரிலேயே உட்கார்ந்து சாப்பிட இடமிருந்தது அங்கே மட்டும்தான். காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தவன் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. டுவேனின் ஆட்கள் கண்ணாடிக் குவளையோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பதினோரு பேரோடு வந்து பிரசங்கத்தை அங்கேயே நடத்தினார். எல்லாரும் வசதியாகத் தூங்கினார்கள்.

நான்காம் நாள், கால் வீங்கிப்போன ஆர்டிஸ் மெர்லுக்குச் சூப் வைத்தபடி கேட்டாள்.

"அடுப்புக்குப் பின்னால எனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கட்டுமா?"

"இருபத்தஞ்சாவதா? முப்பது கேலன் வேணுமே."

"நான்தான் நின்னே சாகணுமா?"

"நூலகத்துல கேட்டுப் பாரு. அவங்ககிட்ட கொஞ்சம் இருக்கு."

ஆர்டிஸ் உருளைக்கிழங்கு வாளியைக் கொட்டிக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். மெர்ல் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டார்.

"என்ன அது?"

"வாளி."

மெர்ல் பேனாவை விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

"யாராவது வந்தா எந்திரிச்சிரு," என்றார்.